ஏணி சொன்ன ‘வரோம்’

என் தங்கையைப் பற்றி யாராவது ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் நான்தான் சொல்ல வேண்டும். அவளையே சொல்லவிட்டால் பாதியில் சிரிக்க ஆரம்பித்து மீதியை முழுங்கிவிடுவாள். அவள் வீட்டுக்காரரைக் கேட்டால், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எனக்கு அப்படியெல்லாம் வராது. கோபம் வந்த இடத்தில் கோபத்தோடும், சிரிப்பு வந்த இடத்தில் சிரிப்போடும் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. கடைக்குட்டி என்று செல்லமாக வைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அந்தப் பாப்பா எங்கள் வீட்டு வாசலில் குனியாமல் நுழைந்தால் நெற்றி புடைத்துவிடும். கல்லூரியில் வாலிபால் ஆடப் போன முதல் நாளே அங்கிருந்த பெண்கள் அவளுக்கு ஏணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. வலையை ஒட்டி நின்றுகொண்டு, எதிராளி அடிக்கிற பந்தைக் கையை நீட்டித் தடுப்பது அவள் வேலை. பல நேரம் அவள் குதிக்கக்கூட மாட்டாள்.

அவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள் கேப்டன். குள்ளம், ஆனால் வாயைத் திறந்தால் மைதானமே அடங்கும். இரண்டு பேரும் விடுதியில் ஒரே அறை. ஒரே சோப்பு, ஒரே சீப்பு, ஒரே வாளி. கேப்டன் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் யாரும் கிடையாது. கடைசி வருஷம் வெளிநாட்டில் நடக்கும் கல்லூரிப் போட்டிக்கு அவர்கள் கல்லூரி அணி தேர்வானபோது, கோப்பையோடு வந்தால் தங்கள் வங்கியின் அணியில் சேர்த்து வேலையும் தருவதாக ஒரு மேனேஜர் கேப்டனிடம் சொல்லியிருந்தார். அந்த வேலை அவளைவிட என் தங்கைக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. எப்போது பார்த்தாலும் அதே பேச்சு. உனக்கு ஏதாவது தருகிறேன் என்றார்களா என்று நான் கேட்டால், கேப்டனுக்குக் கிடைத்தால் போதும் என்பாள்.

அணியில் இன்னும் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். ஒருத்தி சுருட்டை; முடி அப்படி. இன்னொருத்தி ஊமைக்கோட்டான். வாயே திறக்கமாட்டாள், ஆனால் எந்த வில்லங்கத்துக்கும் முதல் யோசனை அவளிடமிருந்துதான் வரும்.

கூட ஒரு பெண் ஆசிரியர் போக வேண்டும் என்று விதி இருந்ததால் கெமிஸ்ட்ரி மேடத்தை அனுப்பினார்கள். அந்த அம்மாவுக்கு வாலிபாலில் ஒரு பக்கம் எத்தனை பேர் நிற்பார்கள் என்றுகூடத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஆள் எண்ணுவது ஒன்றுதான். பஸ்ஸில் ஏறினால் எண்ணுவார், இறங்கினால் எண்ணுவார், சாப்பாட்டு மேஜையில் எண்ணுவார். தான் இல்லாமல் யாரும் அங்கே தங்கும் விடுதியைவிட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்று அவர் சொன்னதற்கு எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள்.

போவதற்கு முன்னால் பாப்பா அந்த ஊர் பாஷையில் சில வார்த்தைகளைக் கற்றுக்கொண்டாள். நன்றி, தண்ணீர், எவ்வளவு, வலிக்கிறது, வருகிறோம். ‘போகிறோம்’ என்பதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. நம்மில் யார் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு கிளம்புகிறோம்? பக்கத்துக் கடைக்குப் போனாலும் வரேன்தான், ஊரைவிட்டே போனாலும் வரேன்தான். அவளுக்கு அது தேவைப்படும் என்றே தோன்றவில்லை.

அரையிறுதியில் ஜெயித்தார்கள். மறுநாள் இறுதியாட்டம். பிற்பகலில் எல்லோரையும் தூங்கச் சொல்லிவிட்டு மேடம் தன் அறைக்குப் போய்விட்டார். விடுதி ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் ஒரு ஏரி தெரியும். வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து இவர்களுக்கு ஏக்கம். நாளைக்கு ஆட்டம், அப்புறம் ஊர், ஏரி எங்கே நாம் எங்கே என்று ஊமைக்கோட்டான்தான் ஆரம்பித்திருக்கிறாள். கேப்டனையும் கூப்பிட்டார்கள். அவள் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஒருத்தியும் நகரக் கூடாது என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கொடியில் காயும் துணியை எடுக்கப் போகிற மாதிரி பின்பக்கமாக இறங்கி மூன்று பேரும் நழுவிவிட்டார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இந்தக் கழுதைகள்?

ஏரிக்கரையில் ஒரு பெரியவர் மிதிபடகு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். இவர்களைத் தவிர அன்றைக்கு யாருமில்லை. மிதிக்கும்போது பாப்பாவின் முழங்கால் தாடையில் இடித்ததாம். தண்ணீரை வாரி இறைத்து விளையாடி, அவள் சட்டைக்கு மேலே போட்டிருந்த ஜாக்கெட் நனைந்துவிட்டது. முதுகில் கல்லூரிப் பெயர் போட்ட ஜாக்கெட். கரைக்கு வந்ததும் அதைக் கம்பியில் காயப்போட்டாள். படகைக் கட்டியவள் சுருட்டை. தன் முடியை முடிகிற லட்சணத்திலேயே கயிற்றையும் முடிந்திருக்கிறாள். பெரியவர் அன்பாகத் தேநீர் கொடுத்தார். குடித்து முடித்து, நன்றி சொல்லி, கையை ஆட்டி, பாப்பா அந்த ஊர் பாஷையில் “வருகிறோம்” என்றாள். அவரும் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பைகளைக் கழுவ உள்ளே போனார். இவர்கள் ஜாக்கெட்டை மறந்துவிட்டுப் பின்தெருவில் ஐஸ்கிரீம் தேடிக் கிளம்பிவிட்டார்கள்.

அந்த மனிதர் பாஷையில் வருகிறோம் என்றால் வருகிறோம்தான். இன்னொரு சுற்றுக்கு வரப்போகிறார்கள் என்று அவர் கடையை அடைக்காமல் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எட்டிப் பார்த்தால், அவிழ்ந்து போன படகு நடு ஏரியில் ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. கம்பியில் ஜாக்கெட் தொங்குகிறது. தான் உள்ளே இருந்தபோது வந்து, தானாகவே படகை எடுத்துக்கொண்டு போய், மூன்று பெண்களும் முழுகிவிட்டார்கள் என்று அவர் பதறிப்போய்விட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சைரன் சத்தம் கேட்டு நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேடிக்கை பார்க்க ஓடினார்கள், கையில் ஐஸ்கிரீமோடு. கரையில் நல்ல கூட்டம். முக்குளிப்பவர்கள் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று பாப்பா பக்கத்தில் நின்ற அம்மாவிடம் ஜாடையில் கேட்டாள். அந்த அம்மா மூன்று விரலைக் காட்டி, பின்னலைக் காட்டி, பிறகு கையைத் தன் தலைக்கு மேலே உயர்த்தி, ஒருத்தி இவ்வளவு உயரம் என்று காட்டினார். பாப்பாவுக்கு மனசே ஆறவில்லை. பாவம், என் உயரம் இருப்பாள் போலிருக்கிறதே, வீட்டில் எப்படித் தாங்குவார்கள் என்று மற்ற இருவரிடமும் சொல்லியிருக்கிறாள். சுருட்டை அழவே ஆரம்பித்துவிட்டாள். மூன்று மக்குகளும் தங்களுக்குத் தாங்களே துக்கம் கொண்டாடிக்கொண்டு அங்கே நின்றிருக்கின்றன.

ஜாக்கெட்டில் இருந்த பெயரை வைத்து விடுதிக்குத் தகவல் போய், மேடம் தலைவிரிகோலமாக வந்து இறங்கினார். எண்ணிப் பார்த்து மூன்று குறைகிறது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு உயிரே இல்லை. கரையைப் பார்த்து ஓடியவருக்குக் கூட்டத்துக்கு மேலே தனியாக ஒரு தலை தெரிந்தது. வந்து கட்டிப்பிடித்துக் கதறினார். கதறி முடித்ததும் மூன்று பேருக்கும் கன்னத்தில் ஆளுக்கு ஒன்று விட்டார். படகுக்காரர் பாப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க அவளுக்கு வார்த்தை இல்லை. கிளம்பும்போது சொல்ல இருந்த ஒரே வார்த்தையும் அந்த ‘வருகிறோம்’தான் என்பதால் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தாள்.

போட்டி நடத்தியவர்கள் மூன்று பேரையும் அன்றைக்கே விலக்கிவிட்டார்கள். மறுநாள் இறுதியாட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். வலையருகே பாப்பா நிற்கிற இடத்தில் வேறொரு பெண் நின்றாள். நன்றாகத்தான் ஆடினாள், ஆனால் கை எட்டவில்லை. கேப்டன் வீங்கிய முழங்காலோடு கடைசி செட் வரை இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் தோற்றார்கள். கோப்பை போயிற்று. வங்கி வேலையும் போயிற்று.

ஊருக்கு வந்ததும் கல்லூரியில் விசாரணை. வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு அந்த மாதிரி இடத்தில் பேச வராது, அதனால் நான் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் பிரின்சிபால், விளையாட்டு சார், இன்னும் இரண்டு பேர். குற்றம் இரண்டு. ஒன்று, அனுமதி இல்லாமல் வெளியே போனது. மூன்று பேரும் அதை ஒத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டாவது, திரும்பி வருவதாகப் பொய் சொல்லிப் படகுக்காரரை ஏமாற்றியது. அந்த ஊர் போலீஸே அப்படித்தான் எழுதி அனுப்பியிருந்தது. வேண்டுமென்றே பொய் சொன்னது நிரூபணமானால் கல்லூரியைவிட்டே அனுப்பிவிடுவார்கள். பரீட்சைகூட எழுத முடியாது.

திரும்பி வரும் எண்ணம் இல்லாதபோது வருகிறோம் என்று ஏன் சொன்னாய் என்று பிரின்சிபால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டார். பாப்பா திருதிருவென்று முழித்தாள். சும்மா சொன்னேன் சார் என்றாள். சும்மா எப்படிச் சொல்வாய் என்று அவர் விடவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனாலும் எனக்கும் அந்த நேரத்தில் சரியான பதில் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. சரி, முடிவைச் சொல்லி அனுப்புகிறோம், நீ வெளியே இரு என்றார். அவள் எழுந்து, கதவுவரை போய், பழக்க தோஷத்தில் திரும்பினாள்.

“வரேன் சார்.”

“போயிட்டு வாம்மா,” என்றார் பிரின்சிபால்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. விளையாட்டு சார் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பொய் சொன்னாள் என்ற குற்றம் அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று. வெளியே போன குற்றம் மட்டும் நின்றது. அதற்கு ஒரு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது என்று தடை. கடைசி வருஷம் படிக்கிறவளுக்கு அதற்கு அர்த்தம், இனிமேல் ஆட்டமே கிடையாது என்பதுதான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவளிடமும் அதையேதான் சொன்னேன்.

அதை அவள் தாங்கிக்கொண்டாள். அன்றைக்கு மாலை, நானும் கூட இருக்கையில் விடுதி அறையில் நடந்ததைத்தான் தாங்கவில்லை. வேறு அறை கேட்டு வாங்கியிருந்த கேப்டன் தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள், காலில் விழாத குறை. கேப்டன் காதிலேயே வாங்கவில்லை. சோப்பை இவளுக்கே விட்டுவிட்டாள், சீப்பையும் விட்டுவிட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“போறேன்,” என்றாள்.

அவ்வளவுதான். என் தங்கை கட்டிலில் உட்கார்ந்து அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. திட்டியிருந்தால்கூட ஒரு நாள் சரியாகும் என்று நம்பலாம். யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லிக்கொண்டு போகக் கூடாது.

பிறகு காலம் சும்மா இருக்குமா? பாப்பாவுக்கு ஒரு பார்சல் கிடங்கில் வேலை கிடைத்தது. ஊருக்கு ஊர் பிரித்து அடுக்கும் வேலை. மேல் தட்டுக்கு மற்றவர்கள் ஸ்டூல் போடுவார்கள், இவள் நின்ற இடத்திலிருந்தே எடுப்பாள். ஏணி எங்கே என்று யாராவது கேட்டால் இவளைக் கூப்பிடுகிறார்களா, மர ஏணியைக் கேட்கிறார்களா என்று குழப்பம் வந்து, மர ஏணிக்கு அங்கே சின்ன ஏணி என்று பெயராகிவிட்டது. வேலை முடிந்து கிளம்பும்போது அவள் வெறுமனே வரேன் என்று சொல்வதில்லை. வரேன், அதாவது இப்ப போறேன், நாளைக்குக் காலையில வருவேன் என்று விளக்கமாகச் சொல்வாள். கிடங்கில் எல்லோரும் அதை அப்படியே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள்.

கிடங்குத் தொழிலாளர்களுக்கு நடந்த ஒரு வாலிபால் போட்டியில் அம்பயர் காய்ச்சலில் படுத்துவிட, உயரமாக இருக்கிறாளே என்று இவளை வலையோரத்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஏணியை ஏணி மேலே ஏற்றினார்கள் என்று நான் சிரித்தேன். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. பரீட்சை எழுதி முறைப்படி அம்பயர் ஆனாள். ஆட இருந்த தடை, விசில் ஊத இல்லையே! ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். சொல்லாமல் கோட்டைவிட்டு வெளியே போகிற ஆட்டக்காரியைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது, உடனே விசில்தான்.

கட்டிக்கொண்டவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவளைவிட அரை அடி குள்ளம், கோபம் என்றால் என்ன விலை என்று கேட்கிற மனுஷன். ஆட்டத்தின்போது யாராவது அம்பயரைப் பார்த்துக் கண்ணு தெரியலையா என்று கத்தினால், பக்கத்தில் போய்த் தன் கடை முகவரி அட்டையை நீட்டுவார். பாவி, அதில் நாலு பேர் வாடிக்கையாளராகவும் ஆகியிருக்கிறார்கள். இரண்டு பேரும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. கல்யாணத்துக்குக் கேப்டனைக் கூப்பிட்டாள், வரவில்லை. வீடு மாறியபோது கூப்பிட்டாள், வரவில்லை. கேப்டன் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராகச் சேர்ந்து, பிறகு பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆகிவிட்டாள் என்று ஆட்கள் மூலம்தான் தெரிந்தது. நன்றாக இருக்கிறாளாம் அக்கா என்று வந்து என்னிடம் சொல்வாள்.

போன வருஷம் மாவட்ட இறுதியாட்டத்துக்குப் பாப்பாவை அம்பயராகப் போட்டார்கள். ஆடுகிற இரண்டு அணிகளில் ஒன்று கேப்டனுடையது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு, எதற்கு வம்பு என்றேன்.

“ஒரு தடவ இருக்க வேண்டிய எடத்துல இல்லாம போனது போதும்க்கா,” என்றாள்.

அன்றைக்கு நானும் போனேன், அவள் வீட்டுக்காரரும் வந்தார். கேப்டனுக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தது, வாய் மட்டும் அப்படியே. மேடைமேல் நின்ற பாப்பாவை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆட்டம் கடைசி செட்டுக்குப் போயிற்று. இரண்டு பக்கமும் சரிசமம். கேப்டனின் பெண் அடித்த பந்து கோட்டை ஒட்டி விழுந்தது. கோட்டோரம் நின்ற பெண் உள்ளே என்று கொடியை இறக்கிவிட்டாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. பாப்பா விசிலை ஊதி, வெளியே என்று கையைக் காட்டினாள்.

கேப்டன் ருத்ரதாண்டவம் ஆடிவிட்டாள். பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கத்தினாள். பாப்பா மேலேயிருந்து அவளைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும், விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை. இவ்வளவு வருஷம் கழித்து, இவளுக்கு ஒரு புள்ளி விட்டுக்கொடுத்தால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் உள்ளுக்குள் கிடந்து தவித்தேன். பாப்பா பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் கேப்டனுக்குக் காட்டினாள். அதற்கப்புறம் கேப்டன் அணி தேறவில்லை. தோற்றுவிட்டார்கள்.

எல்லோரும் கை கொடுத்துக் கலைந்தார்கள். பாப்பா மேடையிலிருந்து இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இனி ஜென்மத்துக்கும் பேச்சு கிடையாது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கேப்டன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள்.

“பந்து உள்ள விழுந்துச்சு,” என்றாள்.

“இல்ல. வெளிய.”

“உனக்கு எப்பவுமே வெளியதான் புத்தி.”

பாப்பாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேப்டன் வாயைக் கோணிக்கொண்டு நின்றாள். அது சிரிப்பை அடக்குகிற கோணல்தான், விடுதிக் காலத்திலிருந்தே எனக்கு அது பழக்கம். அந்தப் பந்து வெளியேதான் விழுந்தது, தனக்கும் தெரிந்தது, கத்தாமல் இருக்க முடியவில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று பாப்பா கேட்டாள். மழைக்காலத்தில் வலிக்கும் என்றாள். கேப்டன் திரும்பி நாலடி நடந்தாள்.

“வரேன்டி,” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

என் தங்கை சும்மா விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போயிட்டு வா என்று சொல்லிவிட்டு நின்றிருப்பார்கள். இவளுக்குத்தான் அந்த வார்த்தையில் சூடு பட்டிருக்கிறதே.

“எப்ப?” என்று கேட்டாள்.

கேப்டன் நின்றாள். திரும்பி, அண்ணாந்து, அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை. படகுல இல்ல, பஸ்ல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா ஆட்டம் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்தே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்து, நிலையில் இரண்டு தடவை இடித்துக்கொண்டாள். மத்தியானம் கேப்டன் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.